புகை அறையில் காய்ந்த புத்தகங்கள்

மூங்கில் கம்பில் பதினோரு புத்தகங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் நடுவில் விரித்து, முதுகு மேலே வருகிற மாதிரி கம்பின் மேல் போட்டிருந்தேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரப்பர் ஷீட்டுகள். கீழே ரப்பர் விறகு புகைந்துகொண்டிருந்தது.

எங்கள் தோட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைத்து, மெஷினில் உருட்டி ஷீட்டாக்கி, இந்தப் புகை அறையில்தான் தொங்கவிடுவார்கள். நாலைந்து நாள் புகையில் கிடந்தால் வெள்ளை ஷீட் தேன் நிறத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு பூஞ்சணம் பிடிக்காது. பால் வெட்டிய காலம் போக, மிச்சக் காலமெல்லாம் எனக்கு அந்த வேலைதான். ஈரமான எதைக் கையில் கொடுத்தாலும் கம்பில் போடத்தான் என் கைக்குத் தெரியும்.

புகை அறையைப் பார்த்துக்கொள்ளும் பியதாச கதவருகே நின்று கம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிஸ்ஸுத அக்கே?" என்றார். பைத்தியமா அக்கா என்று கேட்கிறார். பிறகு தமிழுக்கு மாறினார். "இது பொத்த, புத்தகம். ஷீட் இல்ல."

"நனைஞ்சிருச்சு அய்யே. வீட்டு அடுப்புல காயாது."

"எத்தன நாள் வைக்கிறது?"

"ஷீட்டுக்கு எத்தன நாளோ அத்தன நாள்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே கதவைச் சாத்தினார். நான் நிம்மதியாக எங்கள் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, இறங்கி வந்தேன்.

போன கிழமை இந்தப் பத்திரிகையில் எங்கள் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்த கதையை எழுதினேன். அது சுலபமாக வந்தது. இந்தக் கிழமை எழுதப் போவது வேறு மாதிரி. அதனால்தான் சுற்றிக்கொண்டு வருகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம்

எனக்குப் பிள்ளைகள் இல்லை. கட்டியவரும் போய்ச் சேர்ந்து நெடுநாளாயிற்று. அந்தப் புத்தகங்கள் என் தங்கை மல்லிகாவின் மகள் தனுஷாவுக்காகச் சேர்த்தவை.

எங்கள் வீட்டில் நான் மூத்தவள். மல்லிகா கடைக்குட்டி. எங்களுக்குள் இருபது வயது வித்தியாசம். இடையில் பிறந்தவர்கள் யாரும் தங்கவில்லை. அவளை நான் இடுப்பில் சுமந்ததைப் பார்த்தவர்கள், என் பிள்ளை என்றே நினைத்ததுண்டு. அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, இனி இல்லை என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்ட பிறகு பிறந்தவள் தனுஷா.

லயத்தில் அவர்கள் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தேங்காய் துருவினால் இந்தப் பக்கம் கேட்கும். கூப்பிட வேண்டுமென்றால் வாசலுக்கு வருவதில்லை, சுவரைத் தட்டுவோம். மூன்று தட்டு என்றால் உப்போ தீப்பெட்டியோ வேண்டும். இரண்டு என்றால் தேத்தண்ணி ஊற்றியாயிற்று. ஒரே ஒரு தட்டுக்கு ஒரு காரியமும் இல்லை. இருக்கிறாயா என்று கேட்பது, அவ்வளவுதான்.

மல்லிகாவின் வீட்டுக்காரர் சிவா அவிசாவளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். அவர் நிவித்திகலப் பக்கத்துக்காரர், சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மல்லிகாவும் அப்படித்தான். இரண்டு பேரும் பேசுவது தமிழ். வாசிப்பதும் எழுதுவதும் சிங்களம். நான் நேர்மாறு. சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவேன், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற தமிழ் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

முன்பு தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா இருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை அங்கேதான் விடுவார்கள். ஏதோ இரண்டு பாட்டு, நாலு எழுத்தாவது பிள்ளைகள் காதில் விழும். ஆட்கள் குறைந்ததும் பூட்டிவிட்டார்கள். இப்போது அதற்குள் உர மூட்டை கிடக்கிறது. கடைவீதியில் ஒரு முன்பள்ளி உண்டு, அதுவும் சிங்களத்தில்.

கோயில் நோட்டீஸ்

தனுஷாவுக்கு நாலு வயது நடக்கும்போது மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடித்தார்கள். பூசைக்கு உபயம் கொடுத்தவர்கள் பெயரெல்லாம் அதில் வரும். மல்லிகா பெயரும் வந்திருந்தது. அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நோட்டீஸை விரித்தாள்.

"தா பாரு, அம்மா பேரு" என்று விரலை வைத்துக் காட்டினாள்.

விரல் வைத்த இடத்தில் இருந்தது பலசரக்குக் கடைக்காரர் பெயர்.

பக்கத்துக் காம்பரா பொம்பளை ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "அடியே, நீ எப்படி மீசை வச்ச ஆளானே?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மல்லிகாவும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் நோட்டீஸை நாலாக மடித்து, அதற்கு மேலும் மடித்து, தீப்பெட்டி அளவாக்கிக் கையில் வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் சிவாவிடம் சொன்னாள். "இவள டவுன் தமிழ் ஸ்கூல்ல போடணும்."

சிவா கெட்டவர் அல்ல. கணக்காக யோசிக்கிறவர். என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"ரெண்டு பஸ் மாறணும் மதினி. கீழ சிங்கள ஸ்கூலு நடந்து போற தூரம். அங்க போட்டா வீட்டுப்பாடம் நாங்களே பாத்துக்குவோம். தமிழ்ல போட்டா யாரு பாக்கிறது, நீங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். எனக்குச் சொல்லிக் கொடுக்கிற வாய் கிடையாது. நாலு பேர் முன்னால் என் பெயரைக் கேட்டாலே எச்சில் விழுங்குகிறவள் நான்.

"நான் படிச்சு நான் சொல்லிக் குடுக்கிறேன்" என்றாள் மல்லிகா.

"சரி. வர்ற ஆனி மாசம் ஃபார்ம் போடணும். அதுக்குள்ள நீ தமிழ் வாசிச்சுக் காட்டு. இல்லன்னா கீழ ஸ்கூலுதான். பேச்சு மாற மாட்டேன்."

"ஃபார்ம் போட்டா மட்டும் போதுமா, அவங்க எடுக்கணுமே." மல்லிகாவின் குரல் மாறியது. "என்னையவே எடமில்லன்னு திருப்பி அனுப்புன ஸ்கூலு அது. இவளுக்கு ஒரு எழுத்துத் தெரியலன்னாலும் அதையே சாக்காச் சொல்லுவாங்க. எல்லாந் தெரிஞ்ச புள்ளையா கொண்டு போய் நிறுத்தணும். அக்கா, நீ தமிழ் புத்தகம் தேடிக் குடு."

நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி எழுந்து என் காம்பராவுக்குள் போய்விட்டேன். அடுப்பு அன்று பற்ற வைக்கவே இல்லை.

பஸ் ஸ்டாண்ட் கட்டு

பேப்பர் விலை ஏறி, எழுதுகிற கொப்பி ஒன்று வாங்கவே யோசிக்கிற காலம் அது. கடையில் பளபளவென்று தொங்கிய அட்சரப் புத்தகங்களை விலை கேட்டுவிட்டு வந்தேன். கேட்டது நான் அல்ல, எனக்கு முன்னால் நின்றவர். நான் காதில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவிசாவளை பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குள் ஏறிப் புத்தகம் விற்கிறவர்கள் உண்டு. அஞ்சாறு புத்தகத்தை ஒரு கண்ணாடிப் பையில் போட்டுக் கட்டாகக் கொடுப்பார்கள். மேலே தமிழ் எழுத்து தெரிந்தது. வாங்கினேன். பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்க வாய் வரவில்லை. அந்த ஆள் அவசரத்தில் இருந்தார், பஸ்ஸும் புறப்பட்டது.

வீட்டுக்கு வந்து பிரித்தால் மேலே இருந்த ஒன்றுதான் தமிழ். அடியில் எல்லாம் சிங்களம்.

மல்லிகா கட்டை மடியில் வாங்கிக்கொண்டாள். அதில் ஒன்றை எடுத்துத் தனுஷாவுக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு நரியும் ஆமையும் பேசிக்கொள்கிற கதை. நரிக்கு ஒரு குரல், ஆமைக்கு ஒரு குரல். கண் வரிக்கு முன்னால் ஓடுகிறது, வாய் தடுக்கவே இல்லை. நான் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இப்படி வாசிக்கத் தெரிந்தவள், கோயில் நோட்டீஸில் தன் பெயரைத் தேடித் தடவினாளே என்று நினைத்தேன்.

ஹமீது நானாவின் மூட்டை

தெஹியோவிட்டையில் ஹமீது நானா கடை இருக்கிறது. பலசரக்குக் கடை. மூலையில் பழைய கடதாசி மலை மாதிரிக் கிடக்கும், சாமான் பொட்டலம் கட்டுகிற சரை சுற்றுவதற்கு. முஸ்லிம் பிள்ளைகள் தமிழில் படிப்பதால், அந்த மலைக்குள் தமிழ்ப் பாடப் புத்தகம் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை அவர் எனக்குக் கட்டிக் கொடுத்த மிளகாய்ச் சரையில் பாதி மயில் படமும், கீழே மயில் என்ற எழுத்தும் இருந்தது.

போனேன். பருப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த கிழமை போனேன். திரும்பவும் பருப்பு. மூன்றாம் தடவை ஹமீது நானாவே கேட்டார்.

"என்னக்கா, வீட்டுல பருப்பு மட்டுந்தானா ஆக்குறீங்க? அந்த மூலையையே பாத்துப் பாத்துப் போறீங்க. அங்க என்ன ஈக்கிது?"

எனக்குக் காது சுட்டது. "புத்தகம்... சின்னப் பிள்ளைங்க படிக்கிறது... கிழிஞ்சிருந்தாலும் பரவால்லைங்க" என்றேன். அவ்வளவையும் நான்தான் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

"இதக் கேக்கவா மூணு கிழம? உக்காருங்க, பொறுக்குங்க. கடதாசி விலைக்கு நிறுத்துத் தாறேன். சும்மா தந்தா நீங்க மறுபடி வர மாட்டீங்க."

மனிதர் என்னை எப்படித்தான் படித்தாரோ. அந்த மூலையில் குந்தி, கரப்பான் பூச்சியைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டுப் பொறுக்கினேன். அட்டை போனது, பாதி எலி கடித்தது, படத்துக்கெல்லாம் மீசை வரைந்தது. அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் ஒரு சாக்கில் போட்டு வைத்திருப்பார். "அக்காட மூட்ட" என்று கடைப் பையன்களுக்கும் தெரிந்துவிட்டது.

அதில் ஒரு புத்தகம். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை, ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு பிள்ளை தன் பெயரை எழுதி வைத்திருந்தது, சிவப்புப் பென்சிலால்.

மரத்தடியில் கிடைத்தவை

மற்ற சாமான்களுக்கு நான் யாரிடமும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

எண்ணப் பழக ரப்பர் விதை. காய் வெடிக்கிற காலத்தில் மரத்தடியில் புள்ளி புள்ளியாக, பளபளவென்று கிடக்கும். ஒரு வாளி பொறுக்கினேன். விதைகளைத் தரையில் வரிசையாக அடுக்கி மல்லிகா எழுத்து வடிவம் காட்டுவாள். பிரித்துப் போட, பால் பிடிக்கிற பழைய சிரட்டைகள். சிரட்டைக்கு ஓர் எண்ணிக்கை.

எழுத்து அட்டைக்குப் போன வருடத்துக் காலண்டரின் பின்பக்கம். கரும்பலகைக்குப் பிள்ளைக் காம்பராவின் உடைந்த கதவுப் பலகை, அடுப்புக் கரி பூசியது. பந்து வேண்டுமென்று தனுஷா அழுதபோது மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றிக் கொடுத்தேன். அது துள்ளினால் கூரையைத் தொடும்.

பசை வாங்கவே இல்லை. கிழிந்த புத்தகத்தை ரப்பர் பாலாலேயே ஒட்டினேன். பிடித்தால் விடாது. நாற்றம்தான் நாலு நாளைக்கு இருக்கும். புத்தகத்துக்கு உறை போட, மழைக்கு மரத்தில் கட்டுகிற பொலித்தீனில் மிச்சம்.

சாயங்காலம் மல்லிகாவும் தனுஷாவும் தரையில் எதிரெதிரே உட்காருவார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான். மல்லிகா ஓர் எழுத்தை அட்டையில் வரைந்து எடுத்து வருவாள், நான் அதன் சத்தத்தைச் சொல்லுவேன், திரும்பிப் போய்விடுவாள். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் தாயும் மகளும் அந்தச் சத்தத்தை மாறி மாறிச் சொல்லுவார்கள். சில நாள் மகள் முந்துவாள். "அம்மாவுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது" என்று குதிப்பாள். மல்லிகா, "தெரியாதுதான். கொஞ்சம் இரு, வர்றேன்" என்பாள்.

ஒரு நாள் மல்லிகா ஓடி வந்தாள். சிவப்புப் பென்சில் புத்தகம் கையில்.

"அக்கா, இது ரிஸ்னா. ரிஸ்னா தானே?"

"ஆமா."

"யாரும் சொல்லல. நானே வாசிச்சேன்."

முகம் தெரியாத ஒரு பிள்ளையின் பெயர்தான் என் தங்கை தமிழில் தானாக வாசித்த முதல் சொல். அன்றிலிருந்து ரிஸ்னா அந்த வீட்டில் ஒரு ஆளாகிவிட்டாள். "ரிஸ்னா இந்த மாட்டுக்குப் பச்சை அடிச்சிருக்கா", "ரிஸ்னா இங்க பிழையா எழுதிட்டா" என்று தனுஷா பேசிக்கொண்டே இருப்பாள்.

மாசிக் கருவாடு

ஐப்பசி மழையில் ஒரு நாள் மூட்டை பெரிதாக இருந்தது. பதினோரு புத்தகம். பஸ்ஸில் கூட்டம், சாக்கை சீட்டுக்கு அடியில் தள்ளினேன். பஸ் ஓட்டையில் ஒழுகிய தண்ணீரெல்லாம் அந்த அடியில்தான் வந்து நின்றது. இறங்கும்போது சாக்கு இரண்டு மடங்கு கனத்தது. லயத்துக்கு ஏறுவதற்குள் மேலேயும் மழை, காலில் அட்டைக் கடி. பிரித்தால் எல்லாம் ஒரே பிண்டம். ரிஸ்னாவின் புத்தகம் மட்டும் மல்லிகாவிடம் இருந்ததால் தப்பியது.

எங்கள் ஊரில் ஐப்பசியில் உள்பாவாடையே அடுப்புக்கு மேல்தான் காயும். அப்படித்தான் நான் அவற்றைத் தூக்கிக்கொண்டு பியதாசவிடம் போனேன்.

ஐந்தாம் நாள் கதவைத் திறந்தார். ஷீட்டெல்லாம் அழகாகத் தேன் நிறம். புத்தகமும் தேன் நிறம். வளைந்து, விறைத்து, கம்பின் வடிவத்திலேயே நின்றன. வெள்ளைப் பசு செவலைப் பசுவாகியிருந்தது. வானம், கடல், பிள்ளைகள் எல்லாம் ஒரே தேத்தண்ணி நிறம். எழுத்து மட்டும் கறுப்பாக, தெளிவாக இருந்தது.

பியதாச ஒன்றை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார், ஷீட்டைத் தரம் பார்க்கிற மாதிரி. "முதல் தரம் அக்கே" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

மல்லிகாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். தனுஷா மோந்து பார்த்தாள். அந்த நேரம் சிவா உள்ளே வந்து, மூக்கை உறிஞ்சி, புத்தகத்தைப் பார்த்தார்.

"மதினி, இது படிக்கிறதுக்கா, சொதியில போடுறதுக்கா? புகை போட்ட மாசிக் கருவாடு மாதிரில்ல இருக்கு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மல்லிகா சிரித்துவிட்டாள். அடக்க அடக்க வந்த சிரிப்பு. பிறகு ஒன்றைப் பிரித்து முழங்காலில் வைத்து நீவி, "எழுத்துக்கு ஒண்ணும் ஆகலக்கா. எழுத்துத்தானே வேணும்" என்றாள்.

ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் புத்தகம் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டாது. பூஞ்சணம் தின்றுவிடும், பூச்சி ஓட்டை போடும். அந்தப் பதினோரு புத்தகத்தில் இன்று வரை ஒரு புள்ளி இல்லை. கரப்பான்கூடக் கிட்டே வராது. இப்போதும் புகை அறைப் பக்கம் போனால், மற்றவர்களுக்கு ரப்பர் ஞாபகம் வரும். எனக்கு மயிலும் பசுவும் ஞாபகம் வரும்.

கடலைச் சரை

ஆனி பிறந்தது. ஒரு நாள் சிவா வேலை விட்டு வரும்போது கடலைச் சரை ஒன்று வாங்கி வந்தார். கடலையைத் தட்டில் கொட்டிவிட்டு, சரையைப் பிரித்து மல்லிகாவிடம் நீட்டினார். ஏதோ பழைய தமிழ்ப் பத்திரிகைத் துண்டு.

"வாசி."

மல்லிகா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். விரலை வைத்தாள். "கி...ண...று. கிணறு. கிணறு உள்ள... வீடு. விற்ப...னைக்கு. மூன்று அறை. தென்னை... ஐந்து. நே...ரில் வரவும்."

சிவா என்னைப் பார்த்தார். சரியா பிழையா என்று சொல்ல அவருக்குத் தெரியாதே.

"மதினி?"

நான் தலையாட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் கடலையை மென்றார். "வீடு விக்கிறவன் விக்கட்டும். நாளைக்கு லீவு கேட்டிருக்கேன். நான் சமைக்கிறேன். நீங்க மூணு பேரும் ஃபார்மக் குடுத்துட்டு வாங்க."

வாசல் வாங்கு

அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போனதும் என் கால் நின்றுவிட்டது. மாமரத்தடியில், முன்பு நான் உட்கார்ந்த அதே சீமெந்து வாங்கு. நான் அதைப் பார்க்காமல் நடந்தேன்.

தலைமை டீச்சரான அதிபர் ஒரு பெண். அவர் கேட்பதற்கு முன்பே தனுஷா தன் புகைப் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். அதிபர் மூக்கைச் சுருக்கினார்.

"இது என்ன வாசம்?"

"பெரிம்மா புகை போட்டது. பூஞ்சணம் வராது" என்றாள் தனுஷா.

அதிபர் சிரித்துவிட்டார். மல்லிகா படபடவென்று ஒப்பித்தாள். பிள்ளைக்கு எல்லா எழுத்தும் தெரியும், நூறு வரை எண்ணுவாள், பெயர் எழுதுவாள் என்று. அதிபர் கையை உயர்த்தினார்.

"ஒண்ணும் தெரியலன்னாலும் எடுப்போம்மா. தெரியாம வர்றதுக்குத்தானே ஸ்கூல்."

"எடம் இருக்குங்களா?"

"எடமா? புள்ளதான் இல்ல. வந்த புள்ளைய இங்க யாரும் திருப்பி அனுப்புனதே இல்ல. எங்க அப்பா அதிபரா இருந்தப்ப அந்த மாமரத்தடியிலகூட உக்கார வச்சுப் படிப்பிச்சாரு."

மல்லிகா கோபமில்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னாள். "என்னைய அனுப்புனாங்க டீச்சர்."

அதிபரின் முகம் வாடிவிட்டது. "அப்பாவா? அப்படி இருக்காதே. எப்ப?"

மல்லிகா சொன்னாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நான் அப்பாட்ட கேக்கிறேன். வீட்டுலதான் இருக்காரு" என்றார் அதிபர். தனுஷாவின் பெயரை எழுதிக்கொண்டார்.

நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

நாடு கலங்கிக் கிடந்த வருடங்கள் அவை. தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. எங்கள் அப்பா உயிரோடு இல்லை. அம்மா படுக்கையில். ஆறு வயது மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு, பிறப்புப் பத்திரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் போனேன்.

அதிபர் அறைக் கதவு மூடியிருந்தது. அந்த வாங்கில் உட்கார்ந்தேன். சேலை கட்டிய டீச்சர்மார் போனார்கள், வந்தார்கள். என் விரலெல்லாம் ரப்பர் கறை, கறுப்பாக. உடம்பில் பால் உறைய வைக்கிற ஆசிட் வாடை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தேன். யாராவது என்னவென்று கேட்பார்கள் என்று நின்றேன். கேட்கவில்லை. உட்கார்ந்தேன். மல்லிகா பணிஸ் தின்றுவிட்டு என் மடியில் தூங்கினாள். மணி அடித்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். நானும் எழுந்து பஸ்ஸுக்குப் போனேன்.

அம்மா கேட்டாள். "எடமில்லன்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை கீழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் லயத்துக்கே வந்து மல்லிகாவின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். நல்ல அம்மா அவர். நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

தனுஷா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள் மல்லிகா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசினாள்.

"அக்கா, அந்தப் பெரிய சேர், டீச்சரோட அப்பா, சொல்லி அனுப்பியிருக்காரு. அவருக்கு ஞாபகமில்லையாம். ஆனா அப்படி நடந்திருந்தா மன்னிச்சுக்கச் சொன்னாராம். பாவம், நல்ல மனுசன் போல."

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

செய்யாத ஒன்றுக்காக ஒரு பெரியவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். செய்த நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் சொல்ல வாய் எடுத்தேன். ஹமீது நானா கடையில் திறந்த வாய், ஏனோ இங்கே திறக்கவில்லை.

இந்தப் பத்திரிகையை ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லிகாதான் கடைக்குப் போய் வாங்கி வருவாள். முதல் வேலையாக என் பக்கத்தைத் தனுஷாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். இப்போது விரல் வைப்பதில்லை. நான் இந்தப் பக்கம் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த வாரம் அவள் குரல் எந்த வரியில் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

மல்லிகா, அன்று யாரும் இடமில்லை என்று சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை. அந்தப் பெரிய சேரிடம் நானே போய்ச் சொல்கிறேன். நீ கூட வந்தால் கதவு வரைக்கும் வா.

வாசித்து முடித்ததும் சுவரைத் தட்டு. ஒரு தட்டுப் போதும். நான் இருக்கிறேன்.